கோமதி தின்ற வடை

விஸ்வநத்தம் பக்கம் எந்தப் பட்டாசுக் கம்பெனிக்குள்ளும் போன் கொண்டு போக விட மாட்டார்கள். காலையில் வேனை விட்டு இறங்கியதும் கேட்டிலேயே வாங்கி ஒரு பிளாஸ்டிக் கூடையில் போட்டுக்கொள்வார்கள். சாயங்காலம்தான் திரும்பக் கிடைக்கும். ரேடியோவும் கிடையாது. ஒரு அறைக்கு நாலு பேர், நாலு பேருக்கு நடுவில் வெடிமருந்து, வெளியே வேகாத வெயில். நாள் பூராவும் வாயைக் கட்டிக்கொண்டு இருக்க மனுசப் பிறவியால் ஆகுமா? அதனால் அந்த அறைகளில் படம் ஓடும். திரை இல்லாமல், யாராவது ஒருத்தியின் வாயில் ஓடும்.

நாகஜோதியின் அறையில் படம் ஓட்டியவள் வெள்ளைத்தாய். ஐம்பதை ஒட்டிய வயது, விஸ்வநத்தத்திலேயே வீடு. கை பாட்டுக்குத் திரி வைத்துக்கொண்டிருக்கும், வாய் பாட்டுக்குப் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கும். புதுப் படம் அவளுக்கு ஆகாது. "அதுல அளுகுறதுக்கு எவளுக்கு நேரம் இருக்கு?" என்பாள். மாமியார் கொடுமை, மலடிப் பட்டம், சந்தேகம் பிடித்த புருஷன் என்று ஊரே கேலி பேசும் அழுகாச்சிப் படங்கள்தான் அவள் சரக்கு. ஒரு படம் முடிய இரண்டு நாள் ஆகும். மாமியார் பேசும் இடத்தில் மாமியாராகவே மாறிவிடுவாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இருளம்மாள் ஒரு முறை நிஜமாகவே கோபம் வந்து, "ஏ, நாசமாப் போறவளே" என்று வெள்ளைத்தாயையே வைதுவிட்டாள்.

அவள் சொன்னதில் எல்லாருக்கும் பிடித்தது கோமதி படம். படத்துக்குப் பெயர் வேறு என்னவோ. கதாநாயகி கோமதி என்பதால் இவர்களுக்கு அது கோமதி படம். கோமதி வாக்கப்பட்டு வந்தது பெரிய குடும்பம். விடிந்ததிலிருந்து பரிமாறிக்கொண்டே இருப்பாள். மாமனாருக்கு, மாமியாருக்கு, கொழுந்தன்மாருக்கு, வந்தவன் போனவனுக்கெல்லாம் இலை போடுவாள். அவள் சாப்பிட உட்காரும்போது மட்டும் ஏதாவது ஒன்று வந்து நிற்கும். மாமியார் கூப்பிடுவாள், கொழுந்தன் தண்ணீர் கேட்பான், புருஷன் சட்டையைக் கேட்பான். புருஷன் சந்தேகப் பேர்வழி. கை நீட்டுகிறவன். ஒரு நாள் உலையை இறக்கி வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் கோமதி ஸ்டேஷனுக்கு நடந்துவிடுவாள்.

"ரயில்ல ஏறி உக்காந்துட்டா. சன்னல் வளியா ஒரு வடைப் பொட்டலம் வாங்குதா. பிரிக்கா. ஒரு வாய் வைக்கா." இந்த இடத்தில் வெள்ளைத்தாய் கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக மெல்லுவாள். மற்ற மூன்று பேருக்கும் வாய் ஊறும். "படம் ஆரம்பிச்சதுலருந்து அப்பத்தான் அவ வயித்துல ஒண்ணு எறங்குது. புருசங்காரன் பிளாட்பாரத்துல கூப்புட்டுக்கிட்டே ஓடியாரான். கோமதி பாக்கா. வடையத் தின்னுக்கிட்டே பாக்கா. ரயில் கெளம்பிருச்சு. அம்புட்டுத்தான்."

சாயங்கால வேனின் ஹாரனுக்குச் சரியாக முடிப்பாள். முடித்ததும் சேலையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடுவாள். அப்புறம் என்ன ஆச்சு என்று யாராவது கேட்டால் அவளுக்குப் பிடிக்காது. "அதான் ரயிலு போயிருச்சுல்ல" என்பாள்.

நாகஜோதிக்கு அது வெறும் படமாக இருக்கவில்லை. சூலக்கரைக்கு அந்தப் பக்கம் கிணறும் நிலமுமாக இருந்த குடும்பத்தில் அழகுராஜாவுக்கு வாக்கப்பட்டவள் அவள். பக்கத்துத் தோட்டத்துக்காரனிடம் நின்று பேசினாள் என்பதற்காக அழகுராஜா அவள் கையைக் கதவிடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தினான். இடது கைச் சுண்டுவிரல் அன்றைக்கு வளைந்தது, இன்னும் நிமிரவில்லை. ஆமத்தூரில் இருக்கும் அண்ணன் பாண்டிமுருகன் வீட்டுக்கு ஓடி வந்தாள். அண்ணன் நாலு நாள் வைத்திருந்து, சமாதானம் பேசி, பூவும் பழமுமாகக் கொண்டுபோய் விட்டுவந்தான். மறுபடி வந்தாள், மறுபடி விட்டுவந்தான். மூன்றாம் முறை வந்தபோது, திரும்பக் கூட்டிப் போகிற வரைக்கும் சும்மா இருக்க வேண்டாமே என்று பட்டாசு வேலைக்கு அனுப்பினான். அங்கேதான் கோமதி அவளுக்குக் கிடைத்தாள். சினிமா பார்த்துப் பொம்பளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று சொல்வார்கள். நாகஜோதி பார்க்காமலேயே கெட்டுப்போனாள். இனி அழகுராஜா வீட்டுக்குப் போவதில்லை என்று தீர்மானம் பண்ணிக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அழகுராஜா வந்தான். கூடவே அவனுடைய சித்தப்பா, ஊர்ப் பெரியவர்கள் சிலர். பாண்டிமுருகன் வீட்டு முன்னறையில் பாய் விரித்து, காபி கொடுத்து, பேச்சு ஆரம்பித்தது. பேசியவர்கள் எல்லாரும் நல்லவர்களாகத்தான் பேசினார்கள். கோபம் எந்த வீட்டில்தான் இல்லை, ஆம்பளை கை ஒரு நேரம் நீளும் ஒரு நேரம் அணைக்கும், விட்டுக்கொடுத்துப் போனால்தான் குடும்பம் என்றெல்லாம் சொன்னார்கள். அழகுராஜா தலையைக் குனிந்துகொண்டு பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தான். சுவரோரம் நின்ற நாகஜோதியிடம் கடைசியில் ஒருவர் கேட்டார், "நீ என்னத்தா சொல்லுத?"

அவளுக்குச் சட்டம் தெரியாது. பேசத் தெரிந்த ஆளும் பக்கத்தில் இல்லை. தெரிந்ததைச் சொன்னாள்.

"போனவ எல்லாரும் திரும்பி வரணும்னு என்ன இருக்கு? கோமதி போனா. திரும்பியா வந்தா? ஊரே பாத்த படந்தான அது. யாரும் அவளத் தப்பு சொல்லலயே."

எந்தக் கோமதி என்று முதலில் யாருக்கும் விளங்கவில்லை. அவள் விளக்கிச் சொன்னதும் சித்தப்பா தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்.

"ஏத்தா, அந்தப் படத்த நான் விருதுநகர்க் கொட்டகையில திரும்பத் திரும்பப் பாத்தவன். ரயிலு கெளம்புன ஒடனே அவளுக்குப் புத்தி வந்துரும். அடுத்த ஸ்டேசன்ல எறங்கி ஓடியாந்து புருசன் காலுல விளுவா பாரு, கொட்டகையே அளுதுச்சு. படத்தப் பாக்காமயே நாயம் பேச வந்துட்ட." படத்தின் பெயரையும் அவர் சொன்னார்.

எல்லாரும் சிரித்தார்கள். அழகுராஜாவும் சிரித்தான். பாண்டிமுருகன் மட்டும் வெட்கப்பட்டு, அவளை உள்ளே போகச் சொன்னான். வருகிற வெள்ளிக்கிழமை நாள் நன்றாக இருக்கிறது, கார் கொண்டுவந்து கூட்டிப்போகிறோம் என்று முடிவானது. நாகஜோதிக்குக் காலுக்குக் கீழே இருந்த பலகையை உருவின மாதிரி இருந்தது. அவளுக்கு அழகுராஜா மேல்கூட அவ்வளவு கோபம் வரவில்லை. வெள்ளைத்தாய் மேல்தான் வந்தது.

மறுநாள் வேனை விட்டு இறங்கியதும் போர்மேனிடம் போய், திரி வைக்கிற அறை வேண்டாம், பட்டாசைப் பெட்டியில் போடுகிற தகரச் செட்டுக்கு மாற்றிவிடுங்கள் என்று கேட்டாள். சீசன் நேரம், அங்கேயும் ஆள் தேவைப்பட்டது. மாற்றிவிட்டார். மத்தியானச் சோற்று நேரத்தில் வெள்ளைத்தாய் தூக்குச்சட்டியோடு அவளைத் தேடிக்கொண்டு வேப்பமரத்தடிக்கு வந்தாள்.

"என்னத்தா, எங்கூட ஏதும் கோவமா? வேற செட்டுக்குப் போயிட்டியாம்ல."

நாகஜோதி குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"எளவு, வாயத் தொறந்தாத்தான எனக்குத் தெரியும்."

"கோமதி எறங்கிட்டாளாம்ல" என்றாள் நாகஜோதி. "புருசன் காலுல விளுந்தாளாம். நாலு ஆம்பளைக முன்னால வச்சுச் சிரிக்காக என்னய. வெள்ளிக்கெளம கூட்டிட்டுப் போகப் போறாக. எல்லாம் ஒம் பேச்சக் கேட்டு."

வெள்ளைத்தாய் சிரிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. தூக்குச்சட்டி மூடியை அழுத்தி மூடினாள்.

"சாயங்காலம் வேன் ஏறுமுன்ன கேட்டுப் பக்கம் நில்லு. சொல்லுதேன். இங்கன வச்சு வேண்டாம்."

நாகஜோதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சோறு முடிந்து வேலை தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் திரி வைக்கிற அறை வெடித்தது. படத்தில் இப்படி ஒரு காட்சி வந்தால் இதெல்லாம் நடக்கிற காரியமா என்று படித்தவர்கள் கேட்பார்கள். விஸ்வநத்தத்தில் கேட்க மாட்டார்கள். பெட்டி போடும் செட்டின் கூரைத் தகடு நாகஜோதியின் தலைக்கு மேலே தூக்கி எறியப்பட்டது. எல்லாரும் முள்வேலிப் பக்கம் ஓடினார்கள். அவளும் ஓடினாள். ஓடிப்போய்த் திரும்பிப் பார்த்தபோது அறை இருந்த இடத்தில் புகை நின்றது. இருளம்மாளைக் கருகிய உடம்போடு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள், பிழைத்துக்கொண்டாள். வெள்ளைத்தாயும் கூட இருந்த ராக்காயியும் அங்கேயே போய்விட்டார்கள். நாகஜோதியின் இடத்தில் உட்கார அன்றைக்கு வேறு ஆள் வரவில்லை. அந்த ஒன்றுதான் அவளுக்கு ஆறுதல், அதை ஆறுதல் என்று சொன்னால்.

வெள்ளைத்தாயைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனபோது முகத்தைக் காட்டவில்லை. வெள்ளைத் துணியில் கட்டிக் கொடுத்ததை அப்படியே கொண்டுபோனார்கள். நாகஜோதி நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். சாயங்காலம் கேட்டில் நின்றிருப்பேனே, முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் நின்றிருப்பேனே என்று சொல்லிச் சொல்லி அழுதாள். யாருக்கும் புரியவில்லை.

சாவு பார்த்த கையோடு கூட்டிப்போனால் வீட்டுக்கு ஆகாது, பதினாறாம் நாள் காரியம் கழியட்டும் என்று அழகுராஜா வீட்டில் சொல்லி அனுப்பினார்கள். கம்பெனிக்குச் சீல் வைத்தாகிவிட்டது. வீட்டில் சும்மா இருந்த நாகஜோதி ஒரு நாள் ஆமத்தூர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் இருக்கும் பெனாசிரின் செல்போன் கடைக்குப் போனாள். பெனாசிர் விருதுநகர்க்காரி. அவள் புருஷன் சுஃபியான் டவுனில் ஒரு கடையைப் பார்த்துக்கொள்ள, இந்தக் கடையை அவள் பார்த்துக்கொண்டாள். சித்தப்பா சொன்ன பெயரைச் சொல்லி, இந்தப் படம் போனில் கிடைக்குமா என்று நாகஜோதி கேட்டாள்.

"கெடைக்காம என்னக்கா. ஆனா இம்புட்டுப் பளைய அளுகாச்சிப் படத்தப் போயி ஏன் கேக்கீக?" என்றாள் பெனாசிர். இருந்தாலும் தேடி எடுத்தாள். கடையில் கூட்டம் இல்லாத நேரம். ஸ்டூலை இழுத்துப் போட்டு அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

வெள்ளைத்தாய் வாயால் நாகஜோதி கேட்ட படம்தான் ஓடியது. ஒரு வார்த்தை குறையவில்லை. மாமியார் வெள்ளைத்தாய் குரலில் பேசவில்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம். கோமதி பரிமாறினாள், பரிமாறினாள், பரிமாறிக்கொண்டே இருந்தாள். சாப்பிட உட்கார்ந்த இடத்திலெல்லாம் எழுந்தாள். பெனாசிர் முதலில் கேலி பேசிக்கொண்டிருந்தாள். பிறகு பேச்சை நிறுத்திவிட்டு, வந்த வாடிக்கையாளரை அப்புறம் வரச் சொன்னாள். கோமதி ரயிலில் ஏறினாள். சன்னல் வழியாக வாங்கினாள். ஆனால் அவள் வாங்கியது வடை இல்லை. ஆரஞ்சுப் பழம். உரித்து ஒவ்வொரு சுளையாகத் தின்றாள். பிளாட்பாரத்தில் புருஷன் ஓடிவந்தான். தின்றுகொண்டே பார்த்தாள். ரயில் கிளம்பியது.

வெள்ளைத்தாய் பொய் சொல்லவில்லை. அந்த இடத்தோடு எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள், அவ்வளவுதான்.

அப்புறமும் படம் இருந்தது. அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, இருட்டில் நடந்து வந்து, கோமதி புருஷன் காலில் விழுந்தாள். புருஷன் சிரித்தான், மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், பூஜை அறையில் விளக்கு எரிந்தது. பிறகு எல்லாரும் வரிசையாகச் சாப்பிட உட்கார, கோமதி இலை போட்டுக்கொண்டே போனாள். முதுகுதான் தெரிந்தது. அதோடு சுபம்.

"ஏமாத்து" என்றாள் பெனாசிர். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "நம்ம கஷ்டத்தப் பூராவும் காட்டி அளுக வச்சு, கடைசில காலுல விள வச்சு வீட்டுக்கு அனுப்பிட்டான். இதுக்கு டிவி நாடகத்தப் பாத்துட்டுப் போயிரலாம்."

"அந்தக் கடைசியக் கொஞ்சம் திரும்பப் போடுங்க" என்றாள் நாகஜோதி. பெனாசிர் போட்டாள். "எல்லாரு மூஞ்சியும் காட்டுதான். அவ மூஞ்சிய மட்டும் காட்டல, பாத்தீகளா?"

"ஆமா."

"அவ இன்னும் திங்கல."

பெனாசிர் போனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கொட்டகையே அளுதுச்சுன்னு சின்ன மாமா சொன்னாரு" என்றாள் நாகஜோதி. "அளுதுருக்கும். எதுக்கு அளுதுச்சுன்னு அவருக்கு என்ன தெரியும்? அவரு திரையப் பாத்துக்கிட்டு இருந்துருப்பாரு. பொம்பளைக பக்கம் திரும்பியா பாத்தாரு?"

படம் எடுத்தவன் ஏமாற்றினானா, ஏமாற்றுகிற மாதிரிக் காட்டி வேறு எதையாவது சொல்லிவிட்டுப் போனானா என்று இருவருக்கும் விளங்கவில்லை. விளங்காமலே கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். நாகஜோதிக்கு மட்டும் ஒன்று உறுத்தியது. எல்லாவற்றையும் அச்சுப் பிசகாமல் சொன்னவள், ஆரஞ்சுப் பழத்தை ஏன் வடை ஆக்கினாள்?

பதினாறாம் நாள் காரியத்துக்கு விஸ்வநத்தம் போனாள். மறுநாள் கார் வரும் என்று அண்ணன் சொல்லியிருந்தான். சாமியானாவுக்கு அடியில் கம்பெனிப் பெண்கள் ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். மாலை போட்ட போட்டோவுக்குப் பக்கத்தில் வெள்ளைத்தாயின் புருஷன் செல்லப்பாண்டி. வாழ்நாளில் பாதியைக் குடித்தே தீர்த்தவன், அன்றைக்கும் கொஞ்சம் ஏற்றியிருந்தான். வந்தவர்களிடமெல்லாம் பெண்டாட்டியின் அருமையைச் சொல்லி அழுதான். பொய் அழுகை இல்லை.

"ஒரே ஒரு தடவ கோவிச்சுக்கிட்டுப் போனாய்யா. கல்யாணமாகி மூணு நாலு வருசம் இருக்கும். அன்னிக்குக் கொஞ்சம் கூடுதலா அடிச்சிட்டேன். மதுர பஸ்ஸுல ஏறிட்டா. நான் விட்டுருவனா? வண்டிய எடுத்துட்டுப் போயி ஆமத்தூர்ல பஸ்ஸ மறிச்சேன். ஒரு பேச்சுப் பேசல. எறங்கி வந்துட்டா. வந்த கையோட சோறு ஆக்கி வச்சாய்யா எனக்கு. அப்பேர்ப்பட்டவ."

கேட்டவர்கள் உச்சுக் கொட்டினார்கள். சிலர் கண்ணைத் துடைத்தார்கள். நாகஜோதி பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து அவன் முன்னால் போய் நின்றாள்.

"அண்ணாச்சி, அக்கா எறங்கையில கையில என்ன வச்சிருந்தாக?"

செல்லப்பாண்டி நிமிர்ந்து பார்த்தான். என்ன கேள்வி இது என்று அவனுக்குப் படவில்லை. போதையிலும் அழுகையிலும் எல்லாம் அவனுக்குச் சரியாக ஞாபகம் இருந்தது.

"வடைப் பொட்டலம் வச்சிருந்தா தாயி. சிவகாசி பஸ் ஸ்டாண்டுல வாங்குனது. பாதியத்தான் தின்னுருந்தா. மீதிய எங்கையில குடுத்துட்டு வண்டியில ஏறுனா. எம்மேல அம்புட்டு ஆசை அவளுக்கு."

நாகஜோதி சாமியானாக் கம்பைப் பிடித்துக்கொண்டாள். சாயங்காலம் கேட்டில் நின்று வெள்ளைத்தாய் சொல்ல இருந்தது இதுதான் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. தினமும் வேன் ஆமத்தூர் நிறுத்தத்தில்தான் அவளை ஏற்றியது. அங்கேதான் ஒருத்தி பாதி வடையோடு இறங்கியிருக்கிறாள். இறங்கி, முப்பது வருஷம் அவனுக்குச் சோறாக்கிப் போட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு நாலு பேர் நடுவில் அந்த வடையைத் திரும்பத் திரும்பத் தின்றிருக்கிறாள். ஐயோ என் தாயே என்று நாகஜோதி அழுதாள்.

மறுநாள் கார் வந்தது. அழகுராஜா புதுச் சேலை வாங்கிக்கொண்டு வந்திருந்தான். சித்தப்பா நல்ல உற்சாகத்தில் இருந்தார்.

"என்னத்தா, கோமதி கெளம்பியாச்சா?"

"படத்தப் பாத்துட்டேன் சின்ன மாமா" என்றாள் நாகஜோதி. "நீங்க சொன்னது சரிதான். அவ எறங்கிருதா. நான் எறங்கல."

முதலில் கெஞ்சினார்கள், பிறகு வைதார்கள். அழகுராஜா சேலைப் பையைத் தூக்கி எறிந்தான். கார் வெறுமனே திரும்பியது. அன்றைக்குச் சாயங்காலமே பாண்டிமுருகன், இனி இந்த வீட்டில் அவளுக்கு இடம் இல்லை என்று சொல்லிவிட்டான். சொல்லும்போது அவனும் அழுதான். நாகஜோதி ஒரு பையோடு விஸ்வநத்தத்தில் இருளம்மாளின் வீட்டுக்குப் போனாள். மேலெல்லாம் கட்டோடு படுத்திருந்தவளுக்குக் கூழ் காய்ச்சிக் கொடுக்கவும் ஒரு ஆள் வேண்டியிருந்தது.

தீபாவளி ஆர்டர் நெருங்கியதும் வேறொரு கம்பெனியில் வேலை கிடைத்தது. கேட்டில் போனை வாங்கிக்கொண்டார்கள். ஒரு அறைக்கு நாலு பேர். மற்ற மூன்று பேரும் அவளுக்குப் புதிது. முதல் நாள் யாரும் பேசவில்லை. இரண்டாம் நாள் வெயில் ஏற ஏற, நாகஜோதி தானாகவே ஆரம்பித்தாள். வளைந்த சுண்டுவிரலோடு திரியை வைத்துக்கொண்டே, கோமதி வாக்கப்பட்டு வந்த வீட்டைச் சொன்னாள், இலை போட்டதைச் சொன்னாள். அவளுக்கு மாமியார் குரல் வெள்ளைத்தாய் அளவுக்கு வரவில்லை. இருந்தாலும் மறுநாள் சாயங்காலம் ரயிலடிக்கு வந்து சேர்ந்தபோது மூன்று பேரும் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

"வடைய வாங்கிப் பிரிக்கா. ஒரு வாய் வைக்கா." நாகஜோதி கண்ணை மூடினாள். வெள்ளைத்தாய் மாதிரி மெல்ல வரவில்லை. எப்படியோ விழுங்கினாள். "புருசங்காரன் ஓடியாரான். இவ பாக்கா. தின்னுக்கிட்டே பாக்கா. ரயில் கெளம்பிருச்சு."

வெளியே வேன் ஹாரன் அடித்தது. எழுந்து சேலையைத் தட்டினாள்.

"ஏக்கா," என்று ஒருத்தி கேட்டாள், "அந்த வடைய அவ முளுசாத் தின்னாளா?"

நாகஜோதி சுவர்ப்பக்கம் திரும்பி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"முளுசாத் தின்னா" என்றாள். "யாருக்கும் குடுக்கல."